வீட்டுத் திரையரங்குக்கு ரிசீவர்: வாட்ஸைவிட வசனம் முக்கியம்

ரப்பர் தோட்டத்துத் திடலில் படம் பார்த்த நாள்களைப் பேராவின் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு கம்புகளுக்கு நடுவே வெள்ளைத் துணி, படம் காட்டும் இயந்திரம், திரைக்குப் பக்கத்தில் ஓர் ஒலிபெருக்கி. பாய் விரித்து உட்கார்ந்தவர்களுக்கு இசை கரகரவென்று கேட்டிருக்கலாம். ஆனால் வசனம் புரிந்தது. அந்த ஒலிபெருக்கி மனிதக் குரலை எடுத்துக் கொடுப்பதற்கென்றே அமைந்தது.

இன்று புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ உள்ள ஒரு வரிசை வீட்டில் 55 அங்குலத் தொலைக்காட்சி இருக்கிறது. படம் கண்ணாடிபோல் தெரிகிறது. ஆனால் பாட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, "என்னப்பா சொன்னான்?" என்று கேட்கிறார். ஒலியைக் கூட்டினால் அடுத்த சண்டைக் காட்சியில் தூங்கும் குழந்தை அலறி எழுகிறது. தொலைக்காட்சி மெலிய மெலிய அதன் ஸ்பீக்கரும் சிறுத்துவிட்டது. பெரும்பாலானவற்றில் அது கீழே பார்த்தோ பின்னால் சுவரைப் பார்த்தோ ஒலிக்கிறது.

இதற்குத் தீர்வாகத்தான் பலர் தீபாவளித் தள்ளுபடியில் 'ஹோம் தியேட்டர்' வாங்கப் போகிறார்கள். கடையில் பெரிய வாட்ஸ் எண்ணைக் காட்டுவார்கள். பல மாதச் சேமிப்பு கைமாறும். வீட்டுக்கு வந்த பிறகு சத்தம் கூடியிருக்கும், ஆனால் வசனம் முன்புபோலவே மங்கலாக இருக்கும். அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க, வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

ரிசீவர் என்ன செய்கிறது?

ஏவி ரிசீவர் ஒரே பெட்டியில் மூன்று வேலைகளைச் செய்கிறது. அஸ்ட்ரோ பெட்டி, பிளேயர், விளையாட்டுக் கருவி போன்றவற்றை ஓரிடத்தில் இணைக்கிறது. அவற்றிலிருந்து வரும் டோல்பி, டிடிஎஸ் ஒலியைப் பிரித்து எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறது. பிறகு அந்த ஒலிக்குச் சக்தி கூட்டி ஸ்பீக்கர்களை இயக்குகிறது.

ரிசீவரோடு ஸ்பீக்கர்கள் வராது. அவற்றைத் தனியாக வாங்க வேண்டும். எனவே கையில் உள்ள பணம் முழுவதையும் ரிசீவருக்கே செலவழிப்பது தவறு. பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்குவது நல்லது. அதற்கு வசதியில்லாவிட்டால், நடு ஸ்பீக்கர் தனியாக அமைந்த ஒரு சவுண்ட்பார் வாங்குவதே புத்திசாலித்தனம். 3.0 அல்லது 3.1 என்று குறிப்பிட்ட சவுண்ட்பார்களில் அது இருக்கும். மலிவான ரிசீவரோடு மலிவான ஆறு ஸ்பீக்கர்களைச் சேர்ப்பதைவிட அது தெளிவாகப் பேசும்.

முதலில் வீட்டை அளந்து பாருங்கள்

தாமான்களில் உள்ள வரிசை வீடுகள் பலவும் 20 அடி அகலமானவை. ஹாலில் சோஃபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே 3 மீட்டர் இருந்தால் பெரிது. பளிங்குத் தரை, வெறும் சுவர், கண்ணாடிச் சன்னல் என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. திரும்பி வரும் ஒலி வசனத்தின் மேல் விழுந்து அதைக் குழப்பும். கனமான திரைச்சீலை, தரையில் ஒரு விரிப்பு, துணி சோஃபா ஆகியவை எந்த ரிசீவரையும்விடக் குறைந்த செலவில் ஒலியைத் தெளிவாக்கும்.

பழைய தோட்ட வீடுகளில் நிலைமை வேறு. உட்கூரை இல்லாத தகரக் கூரையில் மழை பெய்தால் எந்தப் பெட்டியும் தோற்றுப்போகும். பலகைச் சுவரும் தகரமும் தாழ்ந்த ஒலியில் அதிர்ந்து தாமும் சத்தம் போடும். இத்தகைய வீட்டுக்குப் பெரிய சப்வூஃபர் வேண்டாம். முன்னால் மூன்று நல்ல ஸ்பீக்கர்கள் போதும்.

எத்தனை ஸ்பீக்கர்?

5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும். முன்னால் இடம், நடு, வலம் என மூன்று. பின்னால் அல்லது பக்கவாட்டில் இரண்டு. 5.1.2 என்றால் கூடுதலாக மேலிருந்து ஒலிக்கும் இரண்டு.

இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது நடு ஸ்பீக்கர். திரைப்படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. பணம் குறைவாக இருந்தால் முன்னால் மூன்று ஸ்பீக்கர்களோடு தொடங்கி, பின்னால் உள்ளவற்றை அடுத்த ஆண்டு சேர்க்கலாம். ரிசீவரின் அமைப்புப் பட்டியலில், இல்லாத ஸ்பீக்கரை 'இல்லை' என்று குறித்துவிட்டால் அந்த ஒலியை மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும்.

மேலிருந்து ஒலி வரும் டோல்பி அட்மோஸ் 2012இல் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வெளியான 'சிவாஜி 3டி', அட்மோஸ் ஒலியில் வந்த முதல் இந்தியப் படம். இன்று ரிசீவர்கள் பலவற்றில் அட்மோஸ் முத்திரை இருக்கிறது. ஆனால் முத்திரை மட்டும் ஒலி தராது. கூரையில் ஸ்பீக்கர் பொருத்த வேண்டும், அல்லது மேல்நோக்கி ஒலித்து உட்கூரையில் பட்டுத் திரும்பும் ஸ்பீக்கர் வேண்டும். பின்னதற்குத் தட்டையான, கெட்டியான உட்கூரை தேவை. சரிவான தகரக் கூரையில் அது வேலை செய்யாது. அத்தகைய வீட்டில் அட்மோஸுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

வாட்ஸ் எண்ணில் மறைந்திருக்கும் கணக்கு

ஒரு பெட்டியில் '1,000 வாட்ஸ்' என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் '80 வாட்ஸ்' என்று இருக்கும். இரண்டாவது உண்மையில் அதிக சக்தி கொண்டதாகவும் இருக்கலாம். எப்படி?

வாட்ஸை அளக்கும் முறை பல. எல்லாச் சேனல்களையும் கூட்டிச் சொல்லலாம். ஒரு சேனலை மட்டும் இயக்கி, ஒலி 10 விழுக்காடு சிதையும் வரை ஏற்றி அளக்கலாம். 8 ஓமுக்குப் பதில் 6 ஓமில் அளந்து எண்ணைப் பெரிதாக்கலாம். நேர்மையான அளவு ஒன்றுதான். 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்களும் ஒரே நேரத்தில் இயங்கும்போது, சிதைவு 0.1 விழுக்காட்டுக்குக் கீழ். கடைக்காரரிடம் இந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். 'பிஎம்பிஓ' என்று போட்ட எண்ணை அடியோடு மறந்துவிடலாம்.

அடுத்து, வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு அது ஒரு சிறு படி. சத்தம் இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு வாட்ஸ் தேவை. 50 வாட்ஸ் ரிசீவரைவிட 100 வாட்ஸ் ரிசீவருக்குச் சில நூறு ரிங்கிட் அதிகம் கொடுப்பவர் வாங்குவது அந்த 3 டெசிபலைத்தான்.

ஸ்பீக்கரின் அட்டையில் 'உணர்திறன்' என்று ஓர் எண் இருக்கும். 88 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளக்கும்போது 88 டெசிபல் ஒலி வரும். அதே ஒலி 3 மீட்டர் தள்ளியுள்ள சோஃபாவில் சுமார் 80 டெசிபலாகக் குறையும். சாதாரணப் பேச்சே 60 டெசிபல்தான். அதாவது, ஒரு வரிசை வீட்டு ஹாலுக்கு 1 வாட்டே கணிசமான சத்தம். மீதி வாட்ஸ், வெடிச்சத்தமும் மேளமும் திடீரென்று எழும்போது தேவைப்படும் கையிருப்பு. 85 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், ரிசீவரின் வாட்ஸை 4 மடங்கு ஆக்கியதற்குச் சமம். பணம் எங்கே போக வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

ஓம் அளவையும் பாருங்கள். ஸ்பீக்கர் 4 ஓம், ஆனால் ரிசீவரின் பின்புறத்தில் '6 ஓமுக்குக் குறையாமல்' என்று அச்சிட்டிருந்தால் அந்த இணை வேண்டாம். பெட்டி சூடேறித் தானாக நின்றுபோகும்.

முதியோர் காதுக்கு எது தேவை?

வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர்ந்த அலைவரிசை ஒலி. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த அலைவரிசையில் பலமாக இருப்பதால் அது காதில் விழும். க, ச, ட, த, ப என்ற வல்லின ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கூர்மைதான் தொலைந்துபோகும். அதனால்தான் பெரியவர்கள், "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் புரியல" என்கிறார்கள். ரப்பர் ஆலையிலோ ஈய லம்பத்திலோ இயந்திரச் சத்தத்தின் நடுவே வேலை செய்தவர்களுக்கு இது இன்னும் முன்னதாகவே வரக்கூடும். இப்போதைய மலேசியச் சட்டம் வேலையிடச் சத்தத்துக்கு 8 மணி நேர வரம்பாக 85 டெசிபலை வைத்திருக்கிறது. அந்த விதிமுறை 2019இல் வந்தது.

இத்தகைய காதுக்கு மொத்தச் சத்தத்தைக் கூட்டுவதில் பயனில்லை. ரிசீவரில் மூன்று வசதிகள் உண்டா என்று கேளுங்கள். முதலாவது, நடு ஸ்பீக்கரை மட்டும் தனியாகக் கூட்டும் வசதி. 2 அல்லது 3 டெசிபல் கூட்டினாலே வசனம் முன்னுக்கு வரும். இரண்டாவது, பெரிய சத்தத்தை அடக்கிச் சிறிய சத்தத்தைத் தூக்கும் இரவு நிலை. மூன்றாவது, அறையை அளக்கும் மைக்.

டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிசி என்றும், யமஹாவில் ஒய்பாவோ என்றும் இந்த அளவீட்டுக்குப் பெயர். மைக்கை சோஃபாவில் உட்காருபவரின் காது உயரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, வீட்டில் எல்லாரும் சற்று அமைதியாக இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதைச் செய்யாமல் பயன்படுத்துகிறவர்கள், வாங்கிய பொருளில் பாதியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டவர்கள்.

இணைப்புகள்

தொலைக்காட்சியின் பின்னால் உள்ள எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் அருகே 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று அச்சிட்டிருக்கும். அந்தத் துளையிலிருந்து ரிசீவரின் வெளியீட்டுத் துளைக்கு ஒரே கம்பி போதும். தொலைக்காட்சியில் உள்ள ஓடிடி செயலிகளின் ஒலியும் அதே கம்பி வழியாகத் திரும்பி வரும். ஏஆர்சி வழியாகச் சாதாரண 5.1 ஒலியும், ஓடிடி தளங்கள் தரும் அட்மோஸும் செல்லும். புளூரே வட்டின் முழுத்தர ஒலியைத் தொலைக்காட்சி வழியாக அனுப்ப இஏஆர்சி வேண்டும்.

இணைத்தும் ஒலி வரவில்லை என்றால் தொலைக்காட்சியின் அமைப்பில் சிஇசி வசதி மூடியிருக்கலாம். சாம்சுங்கில் அதன் பெயர் எனிநெட், எல்ஜியில் சிம்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஒலி வெளியீட்டை 'பிசிஎம்' என்பதிலிருந்து 'பாஸ் துரூ' அல்லது 'ஆட்டோ' என்பதற்கு மாற்றினால்தான் 5.1 வரும். பலர் இதை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் இரண்டு சேனல் ஒலியையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இடியும் மின்சாரமும்

உலகில் மின்னல் மிக அதிகமாக விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கிந்தா பள்ளத்தாக்கில் மாலை நேர இடிமழை புதிதல்ல. தீபகற்பத்திலேயே அதிக மழை பெறும் நகரமான தைப்பிங்கும் பேராவில்தான் இருக்கிறது. இங்கே ரிசீவருக்கு முதல் எதிரி மின்னல்.

இடி முழங்கத் தொடங்கியதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். அஸ்ட்ரோ தட்டிலிருந்து வரும் கம்பியையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும். அஸ்ட்ரோ பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்கும் அங்கிருந்து தொலைக்காட்சிக்கும் பாயும். ஒரே அடியில் மூன்றும் போய்விடும். இடி ஏற்கெனவே தலைக்கு மேல் இருந்தால் கம்பிகளைத் தொடாதீர்கள். பொருளைவிட உயிர் பெரிது.

மின்னழுத்தத் தடுப்புக் கொண்ட நீட்டிப்புப் பெட்டி ஓரளவு உதவும். ஆனால் வீட்டில் நில இணைப்பு சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். பழைய தோட்ட வீடுகளிலும், ஒட்டுப்போட்டுக் கட்டிய கூடுதல் அறைகளிலும் நில இணைப்பு இல்லாமலிருப்பதுண்டு. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் குத்தகையாளரிடம் ஒரு முறை காட்டிவிடுவது ரிசீவருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கே பாதுகாப்பு.

மலேசியாவின் மின்னழுத்தம் 230 வோல்ட். ஜப்பானின் உள்நாட்டுப் பெட்டி 100 வோல்ட், அமெரிக்காவினுடையது 120 வோல்ட். இணையத்தில் மலிவாக வரும் சில ரிசீவர்கள் அந்த நாடுகளுக்காகச் செய்தவை. கைப்பேசி சார்ஜர்போல் இவை எல்லா மின்னழுத்தத்தையும் தாங்கா. நம் சுவரில் செருகினால் எரிந்துபோகும். பின்புறத் தகட்டில் 230 வோல்ட் என்று இருக்கிறதா, சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ரிசீவர் சூடாகும் பொருள். கதவு வைத்த அலமாரிக்குள் அடைக்காதீர்கள். மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அதன் மேல் துணி விரித்துச் சாமி படம் வைப்பதும் வேண்டாம். சூட்டைத் தேடிப் பல்லியும் எறும்பும் காற்றுத் துளை வழியாக உள்ளே போவதுண்டு. மின் தகட்டின் மேல் செத்த ஒரு பல்லி போதும், முழுப் பெட்டியும் பழுதாக.

பழைய ரிசீவர் வாங்கலாமா?

வாங்கலாம், சோதித்துப் பார்த்து. எல்லா எச்டிஎம்ஐ துளைகளிலும் படம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். பழைய ரிசீவர்களில் அடிக்கடி கெடும் பகுதி அதுதான். ஒவ்வொரு சேனலிலும் ஒலி வருகிறதா, அரை மணி நேரம் ஓடிய பிறகும் நிற்காமல் இயங்குகிறதா என்றும் பாருங்கள். அளவீட்டு மைக் உடன் இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் மைக்கைப் போட்டால் அளவு தவறும். பிள்ளைகள் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வைத்திருந்தால் இன்னொரு கவனம் தேவை. 2020இல் வெளிவந்த சில ரிசீவர்களில் 4கே 120 படத்தைக் கடத்துவதில் கோளாறு இருந்தது.

புதிதாக வாங்கினால், உத்தரவாத அட்டை மலேசியாவில் உள்ள விநியோகிப்பாளருடையதா என்று பாருங்கள். பெரிய பெயரும் நிரந்தரமல்ல. ஜப்பானின் ஆன்கியோ ஹோம் எண்டர்டெயின்மென்ட் 2022 மே மாதம் திவாலானது. அந்தப் பெயரில் இன்று வேறு நிறுவனம் பெட்டிகளை விற்கிறது. தவணையில் வாங்குவோர் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல், எல்லாத் தவணைகளையும் கூட்டிய தொகையை ரொக்க விலையோடு ஒப்பிட வேண்டும்.

வாங்கிய பொருள் பழுதாகி, கடை கைவிரித்தால் சும்மா இருந்துவிட வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இயங்குகிறது. 5 ரிங்கிட் கட்டணம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கு வைக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. இணையக் கடைகளும் இதற்குள் அடங்கும். ரசீது, உத்தரவாத அட்டை, கடையோடு நடத்திய வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். தனியார் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கிய பழைய பொருளுக்கு இந்த வழி இல்லை.

பக்கத்து வீடு

வரிசை வீட்டில் சுவர் இருவருக்கும் பொது. வசனம் சுவரைத் தாண்டாது. சப்வூஃபரின் தாழ்ந்த ஒலி தாண்டும். சப்வூஃபரைப் பொதுச் சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் நகர்த்தி வையுங்கள். கீழே தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் இரவு நிலைக்கு மாற்றுங்கள். தொழுகை நேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தேர்வுக் காலம், துக்க வீடு இவற்றுக்கு ரிமோட்டில் பொத்தான் கிடையாது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் கடைசிச் சோதனை

கடைகளில் சோதனைக்கு வெடிச்சத்தக் காட்சியையே ஓடவிடுவார்கள். எந்தப் பெட்டியும் அதில் நன்றாகவே இருக்கும். அதை நிறுத்தச் சொல்லி, இருவர் மெல்லப் பேசும் ஒரு தமிழ்க் காட்சியைப் போடச் சொல்லுங்கள். ஒலியை வீட்டில் வைக்கும் அளவுக்குக் குறையுங்கள். முடிந்தால் வீட்டில் வசனம் புரியவில்லை என்று குறைப்படும் அந்தப் பெரியவரையும் அழைத்துச் செல்லுங்கள். திரைக்கு முதுகைக் காட்டி அவரை உட்கார வைத்து, பேசியது என்னவென்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் அந்தப் பெட்டியை வாங்கலாம். சொல்லவில்லையென்றால், எத்தனை வாட்ஸ் போட்டிருந்தாலும் அடுத்த பெட்டியைப் பாருங்கள்.